தென்னாப்பிரிக்க அரசு பென்ஷனும் ஆண்டு ஏற்றமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் கடைசி வாரம் வந்துவிட்டால் எங்கள் வீட்டுப் போன் ஓயாது. "டீச்சர், இந்த வருஷம் எவ்வளவு ஏத்தியிருக்காங்க?" என்றுதான் பேச்சு தொடங்கும். டர்பன் பக்கத்தில் சாட்ஸ்வர்த்தில் முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எனக்கும் அதே நிதியத்திலிருந்துதான் மாதாமாதம் பணம் வருகிறது. ஆசிரியர்கள், நர்ஸுகள், போலீஸ்காரர்கள், அவர்களுடைய விதவைகள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். கணக்கு வருகிற இடத்தில் கணக்கைச் சொல்கிறேன். எது நியாயம் என்று கேட்டால் என் கருத்தையும் சொல்கிறேன்.

நமக்குப் பென்ஷன் தருவது யார்? அரசாங்கமா?

நேரடியாக அரசாங்கம் இல்லை. அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியம், அதாவது ஜி.ஈ.பி.எஃப்., தருகிறது. நிறவெறிக் காலத்தில் அரசு வேலைக்காரர்களுக்குப் பல தனித்தனி நிதியங்கள் இருந்தன. அவற்றை ஒன்றாக்கி 1996 மே 1 அன்று இதைத் தொடங்கினார்கள். வேலையில் இருக்கும்போது சம்பளத்தில் 7.5 சதவீதம் நாம் கட்டுகிறோம். அரசு 13 சதவீதம் கட்டுகிறது. போலீஸ், ராணுவம், சிறைத்துறை போன்றவர்களுக்கு 16 சதவீதம். பணத்தை முதலீடு செய்வது பி.ஐ.சி. என்கிற அரசு முதலீட்டு நிறுவனம். நம் பாரங்களை வாங்கிப் பணம் போடுகிற நிர்வாக வேலை ஜி.பி.ஏ.ஏ. என்கிற அரசு ஓய்வூதிய நிர்வாக அலுவலகத்துடையது. இன்று பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் ஊழியர்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், ஐந்து லட்சத்துக்கு மேல் பேர் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் பென்ஷனை எப்படிக் கணக்கிட்டார்கள்?

பத்து வருடமோ அதற்கு மேலோ வேலை பார்த்தவர்களுக்குக் கடைசி 24 மாதச் சம்பளத்தின் சராசரியை எடுப்பார்கள். அதை 55ஆல் வகுத்து, வேலை பார்த்த வருடங்களால் பெருக்கி, 360 ரேண்ட் (நம் நாட்டுப் பணம்) கூட்டினால் ஒரு வருடத்துப் பென்ஷன். ஓய்வு பெறும்போது ஒரே தடவையாகத் தருகிற கிராஜுட்டி தனி: அதே சராசரிச் சம்பளத்தில் 6.72 சதவீதம், வருடங்களால் பெருக்கியது.

சராசரிச் சம்பளம் வருடத்துக்கு 3,30,000 ரேண்ட், வேலை 30 வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 55ஆல் வகுத்தால் 6,000. முப்பதால் பெருக்கினால் 1,80,000. அதோடு 360. மாதத்துக்கு 15,030 ரேண்ட் வரும். இந்தத் தொகையை மறந்துவிடாதீர்கள், கீழே மறுபடியும் தேவைப்படும்.

ஏற்றம் எப்படி முடிவாகிறது?

ஒவ்வொரு ஏப்ரல் 1 அன்றும் ஏற்றம் நடைமுறைக்கு வருகிறது. அதற்கு முந்தைய நவம்பர் மாதத்து நுகர்வோர் விலைக் குறியீடு ஒரு வருடத்தில் எவ்வளவு ஏறியது என்று பார்ப்பார்கள். நிதியத்தின் கொள்கைப்படி அந்தப் பணவீக்கத்தில் குறைந்தது 75 சதவீதமாவது கொடுக்க வேண்டும், அதுவும் நிதியத்துக்குத் தாங்கும் என்றால். அதற்கு மேல் கொடுப்பது நிதியத்தை நடத்துகிற அறங்காவலர்கள் முடிவு. நடைமுறையில் பெரும்பாலும் முழுப் பணவீக்கத்தையே கொடுத்து வந்திருக்கிறார்கள். 2023 நவம்பரில் பணவீக்கம் 5.5, 2024 ஏப்ரலில் நமக்கு 5.5. 2024 நவம்பரில் 2.9, 2025 ஏப்ரலில் 2.9. இது நல்ல வழக்கம், அதை மனதாரச் சொல்கிறேன். தனியார் கம்பெனிப் பென்ஷன் வாங்குகிற பலருக்கு இந்த அளவு கிடைப்பதில்லை.

ஆனால் வழக்கம் என்பது வேறு, உரிமை என்பது வேறு.

முழுதாகத்தானே கொடுக்கிறார்கள்? அந்த 75 சதவீத விதியைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?

ஒரு மோசமான காலம் வந்து, விதியில் உள்ளதை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்ப்போம். பணவீக்கம் வருடா வருடம் 6 சதவீதம். அதில் முக்கால் பங்கு 4.5. முதல் வருடம் வித்தியாசம் ஒன்றரை சதவீதம்தான், கண்ணுக்கே தெரியாது. பத்து வருடம் கழித்துப் பார்த்தால் 100 ரேண்டுக்கு வாங்கிய சாமானில் 87 ரேண்டுக்கானதைத்தான் வாங்க முடியும். இருபது வருடத்தில் 75. கால் பங்கு போயே போய்விட்டது.

அறுபதில் ஓய்வு பெற்றவருக்கு அப்போது எண்பது வயது. மருந்துச் செலவு கூடுகிற வயது. மாலையில் டியூஷன் எடுத்தோ தையல் வேலை பார்த்தோ சமாளிக்க முடியாத வயது. ஒரு பென்ஷன் அதன் ஆரம்ப மதிப்பில் முக்கால் பங்குக்குக் கீழே போனால் தூக்கிவிட வேண்டும் என்றும் கொள்கையில் இருக்கிறது. சரி, நல்லதுதான். ஆனால் கால் பங்கை இழந்த பிறகு வருகிற பாதுகாப்பு அது.

நான் போன செப்டம்பரில்தான் ஓய்வு பெற்றேன். எனக்கு மட்டும் ஏற்றம் குறைவாக இருக்கிறதே?

தப்பு எதுவும் இல்லை. ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகாதவர்களுக்கு மாதங்களின் விகிதப்படிதான் கொடுப்பார்கள். அடுத்த ஏப்ரலில் முழுதாக வரும்.

2025-இல் 2.9 சதவீதம் என்றார்கள். விலைவாசி அவ்வளவுதான் ஏறியதா?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர் இல்லை. எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார், கணவர் ஆசிரியராக இருந்து இறந்துபோனவர். 2025 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, எங்கள் சாட்ஸ்வர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டிலிருந்து திரும்புகிற வழியில் என் வீட்டுக்கு வந்தார். வெண்டைக்காய், கொத்தமல்லிக் கட்டு இருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். ஒன்று பென்ஷன் சீட்டு. ஒன்று மெடிக்கல் எய்ட் கடிதம். இன்னொன்று ப்ரீபெய்டு கரண்ட் வாங்கிய ரசீது, சுருண்டு சுருண்டு போயிருந்தது. உப்பு ஜாடியை அதன்மேல் வைத்து நிமிர்த்தினார்.

அவருக்குப் பென்ஷனில் கூடியது 218 ரேண்ட். மெடிக்கல் எய்டுக்கு அவர் கையிலிருந்து கட்டுவதில் கூடியது 255 ரேண்ட். அரசு ஊழியர் மருத்துவத் திட்டமான ஜெம்ஸ், 2025-இல் சந்தாவைச் சராசரியாக 13.4 சதவீதம் உயர்த்தியிருந்தது. கரண்ட் ரசீதைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அக்காவின் ஏற்றம் முழுக்கத் தீர்ந்து, மேற்கொண்டு 37 ரேண்ட் கையிலிருந்தும் போய்விட்டது. "அப்ப நான் எதுக்கு ஏத்தம்னு சந்தோஷப்பட்டேன்?" என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை, டீ போட எழுந்துபோனேன்.

2.9 என்ற எண் பொய்யில்லை. நாடு முழுக்க எல்லாக் குடும்பங்களும் வாங்குகிற எல்லாப் பொருள்களையும் ஒரே கூடையில் போட்டு அளந்த எண் அது. பெட்ரோல், புதுக் கார், ஹோட்டல் சாப்பாடு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அதில் உண்டு. பெட்ரோல் விலை இறங்கினால் குறியீடும் இறங்கும். காரே இல்லாத அக்காவுக்கு அதில் நேராக என்ன லாபம்? அவர் கூடையில் பாதிக்கு மேல் மருத்துவம், கரண்ட், தண்ணீர், முனிசிபாலிட்டி வரி. இவைதான் வேகமாக ஏறுகிறவை. அரசு மின்சார நிறுவனமான எஸ்காமிடம் நேரடியாக மின்சாரம் வாங்குகிறவர்களுக்கு 2023 ஏப்ரலில் 18.65 சதவீதமும், 2024-இல் 12.74 சதவீதமும், 2025-இல் 12.74 சதவீதமும் கூடியது. மூன்றையும் சேர்த்தால் ஐம்பது சதவீதத்துக்கு மேல். அதே மூன்று ஏப்ரல்களில் வந்த பென்ஷன் ஏற்றங்களுக்கு அடிப்படையான நவம்பர் பணவீக்கம் 7.4, 5.5, 2.9. சேர்த்தால் 17 சதவீதத்துக்கும் குறைவு. டர்பனில் நமக்கு மின்சாரம் ஈத்தெக்வினி நகராட்சி வழியாக வருகிறது, ஜூலையில்தான் ஏறும், எண்ணும் கொஞ்சம் மாறும். ஆனால் போகிற திசை அதேதான்.

பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நாட்டின் புள்ளிவிவரத் துறை ஓய்வூதியர்களுக்கென்று தனியாக ஒரு விலைக் குறியீட்டையும் கணக்கிட்டு வெளியிடுகிறது. வயதானவர்கள் உண்மையில் எதற்குச் செலவழிக்கிறார்கள் என்பதை வைத்துக் கணக்கிடுவது. அந்த அளவுகோல் கையில் இருக்கும்போது, ஓய்வூதியர் ஏற்றத்தைப் பொதுக் குறியீட்டை வைத்து முடிவு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. சில வருடம் அது பொதுக் குறியீட்டைவிடக் குறைவாகவும் வரலாம். வரட்டும். நம் செலவை அளக்கிற கோல் என்றால் ஏறும்போதும் இறங்கும்போதும் அதையே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

வேலையில் இருப்பவர்களுக்கு 2025-இல் 5.5 சதவீதம். நமக்கு 2.9. இது அநியாயம் இல்லையா?

என் மருமகளும் ஆசிரியைதான். ஒரே ஏப்ரல், ஒரே வீடு, அவளுக்கு 5.5, எனக்கு 2.9. மனதில் உறுத்தத்தான் செய்தது. அவர்களுடைய ஏற்றம் சங்கங்களும் அரசும் பேரம் பேசி முடிவாவது. நம்முடையது விலைக் குறியீட்டோடு கட்டிப்போடப்பட்டது. பேரத்தில் சில வருடம் அவர்கள் முந்துவார்கள்.

ஆனால் 2020-ஐ நினைத்துப் பாருங்கள். 2018-இல் போட்ட மூன்று வருடச் சம்பள ஒப்பந்தத்தின் கடைசி வருட ஏற்றத்தை அரசு கொடுக்கவில்லை. சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயின. 2022 பிப்ரவரியில் அரசியல் சாசன நீதிமன்றம் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது. அந்த 2020 ஏப்ரலில் வேலையில் இருந்தவர்களுக்கு ஒப்பந்தப்படி வர வேண்டியது வரவில்லை. நமக்கு 3.6 சதவீதம் வந்தது. கோவிட் காலத்தில் எங்கள் வீட்டில் என் பென்ஷன்தான் நிலையாக நின்றது. பேரத்துக்குப் போனால் அந்த நிலைமைக்கும் தயாராக இருக்க வேண்டும். அதனால் "எங்களுக்கும் 5.5 வேண்டும்" என்ற கோரிக்கையை நான் ஆதரிக்கவில்லை. விலைவாசியோடு முழுதாகக் கட்டிப்போட்ட ஏற்றம்தான் வயதானவர்களுக்குப் பாதுகாப்பு.

எல்லோருக்கும் ஒரே சதவீதம். இதைவிட நியாயம் என்ன இருக்கிறது?

இங்கேதான் நான் பலரோடு மாறுபடுகிறேன். மாதம் 9,000 ரேண்ட் வாங்குகிறவருக்கு 2.9 சதவீதம் என்றால் 261 ரேண்ட். 30,000 வாங்குகிறவருக்கு 870. ஆனால் ஒரு கேஸ் சிலிண்டரின் விலையோ, ஒரு ரொட்டியின் விலையோ, ஆர்.கே. கான் ஆஸ்பத்திரிக்குப் போகிற டாக்ஸிக் கட்டணமோ ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. டாக்ஸி ஐந்து ரேண்ட் ஏற்றினால் இருவருக்கும் ஐந்து ரேண்ட்தான்.

அரசின் சமூக உதவி அமைப்பான சாசா தருகிற முதியோர் உதவித்தொகையைப் பாருங்கள். அது சதவீதமாக வருவதில்லை, ரேண்டாக வருகிறது. 2024 ஏப்ரலில் 2,180. அந்த அக்டோபரில் 2,190. அடிமட்டத்தில் இருப்பவருக்குக் கையில் எத்தனை ரேண்ட் என்றுதான் அங்கே யோசிக்கிறார்கள்.

சதவீதத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. அதிகச் சம்பளம் வாங்கியவர் 7.5 சதவீதமாக அதிகப் பணம் கட்டியிருக்கிறார், அவருக்கு அவர் பென்ஷனின் மதிப்பு குறையக் கூடாது. அதுவும் நியாயம்தான். நான் கேட்பது சதவீதத்தோடு கூட ஓர் அடிக்கோடு: ஏற்றம் இத்தனை ரேண்டுக்குக் குறையக் கூடாது என்று. உதாரணமாக மாதம் 400 ரேண்ட் என்று வைத்தால், 2.9 சதவீத வருடத்தில் ஏறக்குறைய 13,800-க்குக் கீழே வாங்குகிறவர்களுக்கு மட்டும்தான் கூடுதல் கிடைக்கும். மேலே இருப்பவர்களுக்கு ஒரு ரேண்டும் குறையாது. இதற்கு எவ்வளவு செலவாகும் என்று நிதியத்தின் கணக்கியலாளர்கள் போட்டுப் பார்த்து வெளியிட வேண்டும் என்பது என் கோரிக்கை.

அந்தக் காலத்தில் நம் சம்பளமே குறைவு. அது பென்ஷனில் இன்னும் தொடர்கிறதா?

தொடர்கிறது. நிறவெறி ஆட்சியில் வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கும் கலப்பினத்தவருக்கும் அதற்குக் கீழே, கறுப்பருக்கு எல்லோருக்கும் கீழே. ஒவ்வொரு அடுக்கிலும் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைவு. கல்யாணமான ஆசிரியைகளை நிரந்தர வேலையிலிருந்து எடுத்துவிட்டுத் தற்காலிகமாக வைத்துக்கொள்வார்கள், அந்த வருடங்கள் பென்ஷனுக்குச் சேராது. என்னைவிட மூத்த டீச்சர்கள் எத்தனையோ பேர் கல்யாணப் பத்திரிகையோடு ராஜினாமாக் கடிதமும் எழுதியவர்கள்.

மேலே சொன்ன வாய்ப்பாட்டில் இரண்டே இரண்டு எண்கள்தான்: கடைசிச் சம்பளம், வேலை பார்த்த வருடங்கள். சம்பளங்கள் சமமாவதற்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு இரண்டுமே அநியாயமாகக் குறைந்தவை. பிறகு ஒவ்வொரு ஏப்ரலும் அந்தக் குறைந்த தொகை மீதுதான் சதவீதம் ஏறுகிறது. பழைய இடைவெளி சதவீதத்தில் அப்படியே இருக்கும், ரேண்டில் வருடா வருடம் விரியும்.

இனம், பாலினம் காரணமாக நிதியத்தில் சேர முடியாதவர்களுக்கும், வேலைநிறுத்தத்தில் வருடங்களை இழந்தவர்களுக்கும் அந்த வருடங்களைச் சேர்த்துக் கொடுக்க ஒரு நிவாரணத் திட்டம் வந்தது. சிலருக்கு உண்மையிலேயே உதவியது. ஆனால் அது வருடங்களைத்தான் சரி செய்தது. சம்பளம் குறைவாக இருந்ததை அது தொடவில்லை. ரேண்டில் அடிக்கோடு வேண்டும் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

கணவர் இறந்ததும் பென்ஷன் பாதியாகிவிட்டது. செலவும் பாதியாகுமா?

ஆகாது. அந்த 15,030-ஐ மறுபடி எடுங்கள். பாதி 7,515. 2.9 சதவீதம் ஏற்றினால் 218. ஆமாம், மேலே சொன்ன அக்காவின் கணக்கு இதுதான். வீட்டு வரி பாதியாகவில்லை. ஃபிரிட்ஜ் பாதி கரண்டில் ஓடவில்லை. குறைந்தது சாப்பாடும் துணிமணியும்தான்.

இன்னும் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓய்வு பெறும்போது நிரப்புகிற பாரத்தில், துணைக்கு 50 சதவீதமா 75 சதவீதமா என்று தேர்ந்தெடுக்கிற இடம் உண்டு. 75 என்றால் உங்களுக்குக் கிடைப்பதில் கொஞ்சம் குறைப்பார்கள். அவசரத்தில் 50-ஐத் தொட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். தயவுசெய்து மனைவியை, அல்லது கணவரை, பக்கத்தில் உட்காரவைத்துப் பேசி முடிவெடுங்கள். பிறகு மாற்ற முடியாது.

நிதியத்தில் இரண்டு லட்சம் கோடி ரேண்டுக்கு மேல் இருக்கிறதாமே. தாராளமாகக் கொடுத்தால் என்ன?

இருக்கிறது, ஆப்பிரிக்காவிலேயே பெரிய ஓய்வூதிய நிதியம் இதுதான். ஆனால் அந்தப் பணம் சும்மா கிடக்கவில்லை. இன்று இருபத்தைந்து வயதில் சேர்ந்த நர்ஸுக்கு 2060-களில் கொடுக்க வேண்டியதும் அதற்குள்தான் இருக்கிறது. நம் ஏற்றத்தை ஒரு தடவை கூட்டினால் அது ஒரு வருடத்தோடு போவதில்லை. சாகும்வரை, அதற்குப் பின் துணைக்கும், மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும். முழுப் பணவீக்கத்தையும் உரிமையாக எழுதினால் அதற்கும் ஒரு விலை உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் பல வருடமாகக் கொடுத்து வருவதைத்தான் எழுதிக் கொடுக்கச் சொல்கிறேன்.

ஏற்றம் வந்தும் கையில் அவ்வளவு வரவில்லையே?

வருமான வரியாக இருக்கலாம். 2025-26 வரி வருடத்தில், 65 முதல் 74 வயதுவரை வருடத்துக்கு 1,48,217 ரேண்ட் வரை வரி இல்லாமல் இருந்தது. 2024, 2025 பட்ஜெட்டுகளில் இந்த வரம்பை உயர்த்தவில்லை. மாதம் 12,100 வாங்கியவர் 2025-இல் 2.9 சதவீதம் ஏறி 12,451-க்கு வந்திருந்தால், வரம்பைத் தாண்டி மாதம் ஏறக்குறைய 18 ரேண்ட் வரி கட்டியிருப்பார். பெரிய தொகை இல்லை. ஆனால் விலைவாசிக்காகக் கொடுத்த காசு அது.

"இரண்டு பானை" முறை நம்மைப் பாதிக்குமா?

ஏற்கெனவே பென்ஷன் வாங்குகிறவர்களைப் பாதிக்காது. ஓய்வுக்காலச் சேமிப்பில் ஒரு பகுதியை ஓய்வுக்கு முன்னாலேயே எடுக்க விடுகிற முறை இது. 2024 செப்டம்பரில் வந்தது, வேலையில் இருப்பவர்களுக்கானது. அவர்கள் இடையில் பணம் எடுத்தால் பென்ஷனுக்கான வருடங்கள் குறையும். பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

பணவீக்க இலக்கு 3 சதவீதம் என்று அறிவித்துவிட்டார்கள். இனி ஏற்றமும் 3 தானா?

2025 நவம்பரில் நிதியமைச்சர் அறிவித்தது அது. முன்பு 3 முதல் 6 வரை என்று இருந்தது. விலைவாசி உண்மையிலேயே 3-ல் நின்றால் 3 சதவீத ஏற்றத்தில் நஷ்டமில்லை. என் பயம் வேறு. குறியீடு 3-ல் நிற்கும்போது மின்சாரமும் மெடிக்கல் எய்டும் பத்து பன்னிரண்டு என்று போனால், சின்னப் பென்ஷன்காரர்களுக்கு வருடா வருடம் அக்காவின் மேசைக் கணக்குதான்.

யாரிடம் சொல்வது?

நிதியத்தில் 16 அறங்காவலர்கள். பாதிப் பேர் அரசு தரப்பு, பாதிப் பேர் ஊழியர் தரப்பு. ஓய்வூதியர்களுக்கென்று அதில் ஓர் இடம் உண்டு, நம் வாக்கால் தேர்ந்தெடுக்கப்படுகிற இடம். வாக்குச் சீட்டு வந்தால் விளம்பரத் தாள் என்று நினைத்துத் தூக்கிப் போடாதீர்கள். ஏற்றக் கொள்கையைப் பற்றிய கடிதங்களை அறங்காவலர்களுக்கு எழுதலாம். தொகையில் தப்பு, தாமதம் என்றால் முதலில் ஜி.பி.ஏ.ஏ. அலுவலகம். அங்கே தீராவிட்டால் அரசு ஊழியர் ஓய்வூதியக் குறைதீர்ப்பாளர். தனியார் பென்ஷன்களுக்கான நடுவரிடம் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஜி.ஈ.பி.எஃப். அவருடைய அதிகாரத்துக்குள் வராது.

ஏப்ரல் சீட்டு வந்ததும் என்ன பார்க்க வேண்டும்?

மார்ச் மாதத்து மொத்தத் தொகையையும் ஏப்ரல் மாதத்து மொத்தத் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கையில் வந்ததை ஒப்பிடாதீர்கள், பிடித்தம் போவதற்கு முந்தைய தொகையைப் பாருங்கள். ஏற்றம் 2.9 சதவீதம் என்றால், ஏப்ரலை மார்ச்சால் வகுத்தால் 1.029 போல ஓர் எண் வர வேண்டும். பிறகு பிடித்தங்களை வரி வரியாகப் பாருங்கள்: வரி, மெடிக்கல் எய்ட், இறுதிச் சடங்குக் காப்பீடு. உங்களுக்குத் தெரியாத பெயரில் ஏதாவது பிடித்தம் இருந்தால் அன்றைக்கே கேளுங்கள். கண்ணாடி போட்டும் எழுத்து தெரியவில்லை என்றால் சனிக்கிழமை காலையில் சீட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். மார்ச் மாதச் சீட்டையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.